35 வயதுக்கு மேல் கர்ப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் 35-ஐத் தாண்டிய பெண்களும், கூட வரும் கணவர், அம்மா, மாமியாரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தாமதமாகக் கல்யாணம் ஆனவர்கள், பல வருடச் சிகிச்சைக்குப் பிறகு உண்டானவர்கள், மூத்த பிள்ளைக்குப் பத்து வயதான பின் இரண்டாவதைச் சுமப்பவர்கள், மறுமணம் செய்துகொண்டவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வயதைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் எத்தனையாவது வாரத்தில் வந்து சேருகிறீர்கள் என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. இந்த வயதில் செய்ய வேண்டிய முக்கியமான காரியங்கள் பலவற்றை 16 வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

35 என்று ஏன் கோடு கிழித்தார்கள்? 36 ஆகிவிட்டால் ஆபத்தா?

அந்தக் கோடு 1970-களில் வந்தது. பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, குழந்தையின் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களைப் பார்க்கும் பரிசோதனை அப்போதுதான் பரவலானது. அந்த ஊசியால் கரு கலைந்துபோகும் வாய்ப்பும், குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது 35 என்று கணக்கிட்டார்கள். யாருக்கு ஊசி போடலாம் என்று முடிவு செய்ய உதவிய கணக்கு அது. உடம்பு அந்தப் பிறந்தநாளன்று மாறிவிடுவதில்லை. 34-க்கும் 36-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 40-க்கு மேல்தான் ஏற்றம் செங்குத்தாகிறது. 36 வயதில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடையும் சரியாக இருக்கிற பெண்ணைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 29 வயதில் பிரஷரும் சுகரும் சேர்ந்திருக்கிற பெண்ணைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன்.

தாய் சேய் நல அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்களின் அட்டையில் சிவப்பு ஒட்டுகிறார்கள். 35 தாண்டிய வயதும் அதற்கு ஒரு காரணம். நடுராத்திரியில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பணியில் இருப்பவர் உங்கள் வரலாற்றைக் கேட்காமலேயே எச்சரிக்கையாகிவிடுவார். அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள்.

மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா?

பெரும்பாலும் நல்லபடியாகவே பிறக்கும். 35-க்கு மேல் கர்ப்பம் தரித்து முதல் மூன்று மாதத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் நல்ல குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

அதே நேரத்தில் சில சிக்கல்கள் கூடுகின்றன என்பது உண்மை. கரு கலைதல், குரோமோசோம் கோளாறு, ரத்த அழுத்தம், கர்ப்பச் சர்க்கரை, நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கியிருத்தல், குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, சிசேரியன், மிகக் குறைவாகவே என்றாலும் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோவது எல்லாம் இதில் அடங்கும். இணையத்தில் படிக்கும்போது "இரண்டு மடங்கு ஆபத்து" என்று எங்கேயாவது பார்த்தால், எதற்கு இரண்டு மடங்கு என்று உடனே கேளுங்கள். ஆயிரத்தில் ஒன்று ஆயிரத்தில் இரண்டானாலும் இரண்டு மடங்குதான். நூற்றில் பத்து இருபதானாலும் இரண்டு மடங்குதான். முதலாவது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய எண் அல்ல. இரண்டாவதற்கு ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

எங்கள் பாட்டி 44 வயதில் எட்டாவது பிள்ளையைப் பெற்றார். இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பரிசோதனை?

பாட்டிக்கு அது எட்டாவது பிரசவம், உங்களுக்குத் தலைப்பிரசவம். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் கர்ப்பத்தில்தான் ரத்த அழுத்தச் சிக்கல் அதிகம் வரும். பிரசவ வலி நீளுவதும் முதல் பிரசவத்தில்தான். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் எட்டுப் பெற்றவர்கள் வீட்டில் தங்கியது எத்தனை பிள்ளைகள்? பிரசவத்திலேயே போய்விட்ட பெரியம்மா, சித்தி என்று ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. பிழைத்தவர்களின் கதை மட்டும்தான் நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டவுன் சிண்ட்ரோம் பற்றித்தான் பெரிய பயம். என் வயதுக்கு எவ்வளவு வாய்ப்பு?

டவுன் சிண்ட்ரோம் என்பது குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் குரோமோசோம் கோளாறு. பிரசவத்தின்போது தாய்க்கு என்ன வயது என்பதை வைத்துச் சொல்லும் தோராயக் கணக்கு இது. 25 வயதில் சுமார் 1,250 பேரில் ஒருவர், 35-ல் சுமார் 350 பேரில் ஒருவர், 40-ல் சுமார் 100 பேரில் ஒருவர், 45-ல் சுமார் 30 பேரில் ஒருவர். 40 வயதில்கூட நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்தக் கோளாறு இல்லை.

ஏன் கூடுகிறது என்றும் கேட்பார்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். அந்த முட்டைகள் பாதிப் பிரிவில் நின்றபடி பல வருடங்கள் காத்திருக்கின்றன. 40 வயதுப் பெண்ணின் முட்டை 40 வருடம் காத்திருந்த முட்டை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் அதற்குள் தளர்ந்துபோவதால், பிரியும்போது ஒன்று கூடவோ குறையவோ போய்விடுகிறது. 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் சிண்ட்ரோம். நீங்கள் சாப்பிட்டதாலோ, வண்டி ஓட்டியதாலோ, வேலைக்குப் போனதாலோ வந்ததல்ல. மருமகளைக் குறை சொல்ல வாயெடுக்கும் பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பலர் 35-க்குக் கீழ் உள்ள தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். மொத்தப் பிரசவங்களில் அவர்கள்தான் அதிகம் என்பதே காரணம். அதனால் பரிசோதனை எல்லா வயதினருக்கும் பொது.

என்னென்ன பரிசோதனை, எப்போது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை என்.டி. ஸ்கேன் எடுக்கலாம். குழந்தையின் பிடரியில் தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். கூடவே, தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளக்கும் டபுள் மார்க்கர் பரிசோதனை. இரண்டையும் உங்கள் வயதோடு சேர்த்து ஒரு கணக்குப் போட்டுத் தருவார்கள். 14 வாரம் ஆகிவிட்டால் அந்த ஸ்கேனை மறுபடி எடுக்க வழியில்லை. இந்த வாய்ப்பைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என்.ஐ.பி.டி. என்பது 10 வாரத்துக்குப் பிறகு தாயின் கையில் ரத்தம் எடுத்துச் செய்வது. நஞ்சிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமை 99 சதவீத அளவுக்குக் கண்டுபிடிக்கிறது. பல ஆயிரம் ரூபாய் செலவாகும். அவ்வளவு நுட்பமானது என்றாலும் இதுவும் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டும் பரிசோதனைதான். இதை மட்டும் நம்பி யாரும் கருவைக் கலைக்கக் கூடாது.

உறுதியாகச் சொல்வது ஊசிப் பரிசோதனைகள் இரண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து சிறு துணுக்கு எடுப்பது ஒன்று, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுப்பது இன்னொன்று. அனுபவமுள்ளவர் செய்தால் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

அப்புறம் 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன். இதயம், முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். என்.ஐ.பி.டி. சரியாக வந்துவிட்டது, இது எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு விஷயத்தைப் பார்ப்பவை. குரோமோசோம் சரியாக இருந்தும் இதயத்தில் ஓட்டை இருக்கலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், குழந்தைக்குக் கடுமையான கோளாறு என்றால் மட்டும் மருத்துவக் குழு முடிவு செய்யும். 20-ஆவது வாரத்தில் முதல் ஸ்கேனுக்கு வருகிறவருக்கு யோசிக்கக்கூட நேரம் மிஞ்சாது. எந்தப் பரிசோதனையிலும் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கேட்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் 1:180, "ஹை ரிஸ்க்" என்று வந்திருக்கிறது. அழுதுகொண்டே இருக்கிறேன்.

இப்படிப்பட்ட ரிப்போர்ட்டை நிதானமாகப் படிப்போம். உங்களைப் போல எண் வந்த 180 பேரை வரிசையாக நிறுத்தினால், ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். 179 பேருக்கு இருக்காது. பல ஆய்வகங்கள் 1:250 என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. அதைவிட வாய்ப்பு கூடுதலாக வந்தால் சிவப்பு எழுத்தில் அச்சிட்டு விடுகிறார்கள். 38, 40 வயதில் வயது ஒன்றே எண்ணை அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வயதை மட்டும் வைத்துப் போட்டது, மற்றது ஸ்கேனும் ரத்தமும் சேர்த்துப் போட்டது. 39 வயதுக்காரருக்கு வயதுக் கணக்கு 1:130 என்று தொடங்கி, பரிசோதனைக்குப் பின் 1:180 ஆகியிருந்தால், அவருக்கு நிலைமை முன்பைவிட நல்லதாகியிருக்கிறது என்று பொருள். அடுத்த படி என்.ஐ.பி.டி.யா, நேராக ஊசியா என்பதை என்.டி. அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். என்.டி. தடிமன் அதிகம் என்றால் நேராக ஊசிக்குப் போவதே நல்லது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரு கலையும் வாய்ப்பு எவ்வளவு? முன்பு ஒரு முறை கலைந்திருக்கிறது.

நார்வேயில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். 25 முதல் 29 வயதில் நூற்றுக்கு 10 கலைகிறது. 35 முதல் 39 வரை சுமார் 17. 40 முதல் 44 வரை சுமார் 32. 45-க்கு மேல் 53. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அந்தக் கரு எப்படியும் வளர்ந்திருக்காது. படி ஏறியது, துணி துவைத்தது, பப்பாளித் துண்டு தின்றது என்று தேடித் தேடி உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்தது நன்றாகவே நிற்கிறது. இரண்டு முறை ஆகிவிட்டால் காரணம் தேடும் பரிசோதனைகளைத் தொடங்கிவிடலாம். இந்த வயதில் மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதம் முடியும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார் மாமியார்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது குடும்பத்தின் விருப்பம். கண் படும் என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது ஆபத்து. நாள் தள்ளிப்போன இரண்டு வாரத்துக்குள் வந்துவிடுங்கள். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். குழாய்க் கர்ப்பமும் வயதோடு கூடுகிற ஒன்று. ஆரம்ப ஸ்கேனில் குறித்த தேதிதான் கடைசி வரை எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் அன்றே பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குவதையும் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.

பிரஷர் வராமல் தடுக்க முடியுமா?

முழுவதும் முடியாது, ஓரளவு முடியும். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதம் போகவோ கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படவோ தொடங்கினால் ப்ரீ எக்ளாம்ப்சியா என்கிறோம். முற்றினால் வலிப்பு. நம் ஊரில் ஜன்னி என்று சொல்வது இதைத்தான். 40 தாண்டியவர்களுக்கு, அதிலும் தலைப்பிரசவமாகவோ இரட்டைக் குழந்தையாகவோ இருந்தால், இது கூடுதலாக வருகிறது.

இதற்குக் கையில் இருக்கும் மருந்து மிக மலிவான ஆஸ்பிரின். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அபாயம் அதிகம் என்று கண்டறிந்த 1,776 பெண்களில் ஒரு பாதியினருக்கு 11-14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெறும் மாத்திரை. 37 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகை, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும் வந்தது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் இந்தப் பலன். நஞ்சு கர்ப்பப்பையில் வேரூன்றும் காலம் அதுதான். யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் இந்தக் கேள்வி விட்டுப்போவது உண்டு.

விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது மேல்வயிற்றில் வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். வாகனம் இல்லையென்றால் 108.

சர்க்கரைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். வாந்தி வருகிறது. அவசியமா?

அவசியம். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பச் சர்க்கரை இருந்தது. அந்த ஆய்வை நடத்திய சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது.

அவர் முன்வைத்த முறை எளிது, வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாகக் குடித்து முடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பச் சர்க்கரை. குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு என்றால் பரவாயில்லை, தொடரலாம். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் கணக்கே தப்பு. முதல் முறை பார்த்துச் சரியாக இருந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் போர் அடுப்படியில்தான். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ் கஞ்சி எல்லாம் சர்க்கரைக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். அதே கேழ்வரகை அடையாகத் தட்டி, காய்கறியோடும் பருப்போடும் அளவாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் பத்து பதினைந்து நிமிடம் நடங்கள். இதில் அடங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்பது தவறு. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடுகிறது.

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மூலம் உண்டானது. முழு ஓய்வில் படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். படுத்தே இருப்பதால் கரு நன்றாக நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்துதான் கூடும். வயதும் அதற்குத் துணைபோகும். நஞ்சு இறங்கியிருந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ மருத்துவர் தனியாகச் சொல்வார்.

ஐ.வி.எஃப். கர்ப்பத்தில், அதிலும் தானமாகப் பெற்ற முட்டை என்றால், ரத்த அழுத்தச் சிக்கல் கூடுதல். ஆனால் டவுன் சிண்ட்ரோம் கணக்கு முட்டை தந்தவரின் வயதைப் பொறுத்தது. என்.டி. ஸ்கேனுக்குப் போகும்போது அந்த வயதைச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் தப்பாக வரும். வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று. "இவ்வளவு செலவு செய்கிறோம், இரண்டு கரு வைத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். 40 வயதில் இரட்டையைச் சுமப்பது ஒன்றைச் சுமப்பதுபோல அல்ல. இந்தியச் சட்டப்படி இந்தச் சிகிச்சை பெண்ணுக்கு 50 வயது வரையும், ஆணுக்கு 55 வரையும்தான்.

கணவரின் வயதுக்குப் பங்கில்லையா?

உண்டு. ஐஸ்லாந்தில் நடந்த, 2012-ல் வெளியான ஆய்வின்படி, தகப்பனின் வயது ஒரு வருடம் கூடினால் குழந்தையின் மரபணுவில் புதிய மாற்றங்கள் சராசரியாக இரண்டு கூடுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனாலும் 45-க்கு மேற்பட்ட ஆண்களின் துணைவியருக்குக் கரு கலைவது சற்று அதிகம். பரிசோதனைக்கு அவரும் வரட்டும்.

இந்த வயதில் சிசேரியன்தானா?

கட்டாயம் இல்லை. வயது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி எல்லா வயதிலும் சேர்த்தே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். இந்தியச் சராசரி 21.5. 38 வயதில் தலைப்பிரசவம் என்றால் "எதற்கு ரிஸ்க்?" என்று இரு தரப்பும் எளிதில் ஆபரேஷனுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்து, எடை சரியாக இருந்து, பிரஷர் கட்டுக்குள் இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயல்வதில் தவறே இல்லை. நஞ்சு வழியை மறைத்திருந்தால், குழந்தை திணறினால், தயங்காமல் ஆபரேஷன். "எந்தக் காரணத்துக்காக?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

40 வயதுக்காரருக்கு 39 வாரத்தில் வலி வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?

40 தாண்டியவர்களுக்கு 39, 40 வாரத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் இரண்டு என்பது பிரிட்டன் கணக்கு. 35-க்குக் கீழ் ஆயிரத்தில் ஒன்று. சின்ன எண்தான், ஆனால் அந்த இடத்தில் நிற்கும் குடும்பத்துக்கு அது எண் இல்லை. அதனால்தான் 41 வரை காத்திருக்க விடுவதில்லை. வலி வரவழைத்தால் சிசேரியனில்தான் முடியும் என்ற பயம் இருக்கிறது. பிரிட்டனில் 35-க்கு மேற்பட்ட 619 தலைப்பிரசவக்காரர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 32 சதவீதமும் காத்திருந்தவர்களில் 33 சதவீதமும் சிசேரியன். வித்தியாசம் இல்லை.

28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், ஜூஸ் குடித்துப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே போங்கள்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா?

போகலாம். மனசுக்கும் நல்லது. ஆனால் எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே ரத்த வங்கி வசதி, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவிலும் மயக்க மருந்து நிபுணர் மூன்றும் இருக்க வேண்டும். எட்டாம் மாதம் முடிவதற்குள் அங்கே ஒரு முறை காட்டிவிடுங்கள். எல்லா ஸ்கேனும், மருந்துச் சீட்டும், ரத்த வகையும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஒன்பதாம் மாதம் வலியோடு, ஃபைல் இல்லாமல், முதல் முறையாகப் பார்க்கும் மருத்துவரிடம் போய் நிற்பதுதான் நான் மிகவும் அஞ்சுகிற சூழ்நிலை.

36 வயது. இப்போதுதான் திட்டமிடுகிறோம். என்ன செய்ய வேண்டும்?

இன்றே ஃபோலிக் அமிலம், தினமும் 400 மைக்ரோகிராம். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அளவு அதிகம், கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷருக்கும் கொழுப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. முன்கூட்டியே மாற்ற வேண்டும். 35-க்கு மேல் ஆறு மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். ஏ.எம்.ஹெச். குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் இடிந்துபோகிறவர்கள் நிறைய. முட்டைக் கையிருப்பைக் காட்டுவது அது. இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிரசவம் முடிந்துவிட்டது. இனிக் கவலை இல்லையே?

இன்னும் ஆறு வாரம் கவனம் வேண்டும். ரத்த அழுத்தம் பிரசவமான மூன்றாவது நாளிலிருந்து ஆறாவது நாள் வரைதான் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்துவிட்டிருப்பார்கள். வீட்டிலேயே பிரஷர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், படுக்கையை விட்டு எழக் கூடாது என்ற பத்தியம் இந்த வயதில் நேரடியாக ஆபத்து. ரத்தம் உறைவதற்கு இதைவிட வசதியான நிலைமை வேண்டாம். தாகம் தீரக் குடியுங்கள், எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. கர்ப்பச் சர்க்கரை இருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்துவிட்டு, பிறகு ஆண்டுதோறும் பாருங்கள்.

38-ல் முதல் குழந்தை. அடுத்ததை உடனே பெற்றுக்கொள்ளலாமா? வயதாகிறதே.

ஒரு வருடமாவது இடைவெளி விட்டு உண்டாகுங்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி உண்டானால், 35-க்கு மேற்பட்ட தாய்க்குத்தான் பெரிய சிக்கல்கள் கூடுகின்றன. சிசேரியன் ஆனவர்கள் அடுத்ததைச் சுகப்பிரசவமாக விரும்பினால் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. பால் கொடுக்கும்போது உண்டாகாது என்று நம்பி இருக்காதீர்கள். காப்பர் டி-யோ வேறு வழியோ, மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.